ஆங்கிலத்தின் ‘வீ’யும் நமது ‘நாமும்’



பிறமொழி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு ஆங்கிலம் ஒரு பொதுத் திண்ணை போன்றது. அது நம் வீடும் அன்று; அடுத்தவர் வீடும் அன்று. வந்தவர் எவரும் சற்றே அமர்ந்து பேசலாம். திருவனந்தபுரத்தில் மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் யாமும் நாள்தோறும் அத்திண்ணையில் அமர்கிறோம். ஆண்டுகள் பல அமர்ந்த பின் ஓர் உண்மை புலனாயிற்று. ஆங்கிலம் பேசுங்கால் நம்மவர் இடறுவது பெரிய சொற்களில் அன்று. அவற்றை அகராதி பார்த்துச் சரிசெய்துகொள்கிறோம். ‘ஐ’, ‘மீ’, ‘வீ’, ‘யூ’, ‘இட்’, ‘தட்’ என்னும் ஓரசை மூவிடப் பெயர்களில்தான் கால் இடறுகிறது. அவற்றை அகராதியில் தேடுவார் எவரும் இலர்.

இவ்வுரையில், பேசுவோரை மட்டும் குறிக்க ‘யாம்’ என்றும், கேட்கும் உங்களையும் உளப்படுத்திச் சொல்லும்போது ‘நாம்’ என்றும் வழங்குவோம். பழைய வழக்கைப் புதுப்பிக்கும் ஆசையினால் அன்று; இன்றைய பொருளுக்கு அது தேவைப்படுகிறது.

முதலில் எளியவற்றை முடித்துவிடலாம். கதவைத் தட்டியவரை ‘யார்?’ என்று கேட்டால் ஆங்கிலத்தில் ‘இட் இஸ் ஐ’ என்பதா, ‘இட்ஸ் மீ’ என்பதா? பதினெட்டாம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர்கள் இலத்தீனை அளவுகோலாக வைத்து முன்னதே சரி என்றனர். 1762இல் இராபர்ட் லோத் எழுதிய ஆங்கில இலக்கணமும் அந்தப் போக்கில் வந்ததே. ஆயினும் கதவுக்கு வெளியே நிற்கும் ஆங்கிலேயர் ‘இட்ஸ் மீ’ என்றே சொல்லி வருகின்றனர். நாமும் அவ்வாறே சொல்லலாம். ‘இட் இஸ் ஐ’ என்பவரைக் கண்டால் கதவைத் திறக்கச் சிறிது தயக்கமே உண்டாகும். ஆனால் ‘மை ஒய்ஃப் அண்ட் ஐ’ என்பதா, ‘மை ஒய்ஃப் அண்ட் மீ’ என்பதா என்னும் ஐயத்தை அப்படி விட்டுவிட இயலாது. அதற்கு ஒரு வழி உண்டு. மனைவியைச் சற்று விலக்கிவிட்டு, மீதி வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘ஐ வென்ட்’ என்று வருமானால் ‘மை ஒய்ஃப் அண்ட் ஐ வென்ட்’. ‘ஹீ கால்டு மீ’ என்று வருமானால் ‘ஹீ கால்டு மை ஒய்ஃப் அண்ட் மீ’. இரண்டாவதில் ‘ஐ’ என்று சொல்வது நாகரிகம் எனப் பலர் எண்ணுகின்றனர். அது நாகரிகமும் அன்று, இலக்கணமும் அன்று.

‘மைசெல்ஃப் இராமநாதன்’ என்று தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் வழக்கமும் நம் நாட்டில் பரவியிருக்கிறது. ‘ஐ’ என்று மொட்டையாகத் தொடங்குவதில் ஏதோ தற்பெருமை இருப்பதுபோன்ற கூச்சம் அதற்குக் காரணமாகலாம். ஆங்கிலத்து ‘ஐ’யில் தற்பெருமை இல்லை. அதைப் பெரிய எழுத்தில் எழுதுவதும் செருக்கினால் அன்று. தனித்து நின்ற சிறு எழுத்து கையெழுத்துப் படிகளில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே, ‘ஐ ஆம் இராமநாதன்’ என்று அச்சமின்றிச் சொல்லலாம். தொலைபேசியில் மட்டும் ‘திஸ் இஸ் இராமநாதன்’ என்பது மரபு. மறுமுனையில் இருப்பவரை ஆங்கிலேயர் ‘ஹூ இஸ் தட்?’ என்று வினவுவர். அமெரிக்கர் ‘ஹூ இஸ் திஸ்?’ என்பர். ஒரே ஆளை ஒருவர் சேய்மையில் வைக்கிறார், மற்றவர் அண்மையில் வைக்கிறார். கடல் கடந்த உறவினரோடு பேசுவோர் இவ்வேறுபாட்டைக் கேட்டிருக்கலாம்.

‘இட்’, ‘தட்’ என்னும் இரண்டினிடையே தெரிந்தெடுப்பது இவற்றினும் நுட்பமானது. தமிழில் இரண்டுக்கும் ‘அது’ ஒன்றே போதும் என்பதால் நம் செவி அவ்வேறுபாட்டுக்குப் பழகவில்லை. உடன் பணியாற்றும் ஒருவர், தம் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறார். ‘இட்ஸ் குட்’ என்கிறோம். அவர் முகம் சற்று வாடுகிறது. ‘தட்ஸ் குட்’ என்றிருக்க வேண்டும். பிறர் அப்பொழுதே சொல்லிமுடித்த செய்தியைக் கையில் வாங்கிப் பாராட்டும்போது ‘தட்’ வரும். முன்னமே இருவர்க்கும் நடுவில் இருக்கும் பொருளுக்கு ‘இட்’ வரும். பாயசத்தைச் சுவைத்துவிட்டு ‘இட்ஸ் குட்’. பாயசம் உண்டு என்று கேள்விப்பட்டதும் ‘தட்ஸ் குட்’. இந்த ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் இருத்தினால் பத்தில் எட்டு இடங்களில் பிழை நேராது. தமிழும் சுட்டில் ஏழை மொழி அன்று. இகரம், அகரம், உகரம் என மூன்று சுட்டுகள் நமக்கு இருந்தன. நடுவில் இருப்பதைச் சுட்டும் ‘உது’ யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் வழங்குகிறது. ஏனைய தமிழர் அதனை இழந்துவிட்டோம்.

படர்க்கைக்கு வருவோம். ‘ஹீ’, ‘ஷீ’ என்னும் சொற்களில் மதிப்பும் இல்லை, அவமதிப்பும் இல்லை. நம்மவர்க்கு இது நம்ப முடியாததாய் இருக்கிறது. மேலதிகாரியை ‘ஹீ’ என்று குறிக்க நா எழாமல், ‘சார் ஹேஸ் டோல்டு தட் சார் வில் கம் வென் சார் இஸ் ஃப்ரீ’ என்று ஒரே வாக்கியத்தில் மூன்று முறை ‘சார்’ போடுவாரை யாம் நாள்தோறும் கேட்கிறோம். முதலில் ஒரு முறை பெயரையோ பதவியையோ சொல்லிவிட்டால், பிறகு ‘ஹீ’ போதும். குடியரசுத் தலைவர்க்கும் அதுவே. ஆனால் ஒன்று: அவர் எதிரில் இருக்கும்போது அவரைச் சுட்டி ‘ஹீ’ என்றோ ‘ஷீ’ என்றோ சொல்வது ஆங்கிலத்திலும் மரியாதை ஆகாது. அறையில் இருக்கும் தாயைக் குழந்தை ‘ஷீ’ என்று குறிப்பிட்டால், ‘ஷீ’ என்பது பூனையின் தாய் என்று சொல்லி ஆங்கிலேய முதியோர் கண்டிப்பார்களாம்.

ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒருவரைக் குறிக்க வேண்டுமானால் ஆங்கிலம் ‘தே’ என்னும் பன்மையை நாடுகிறது. ‘யாரோ குடையை மறந்து விட்டுச் சென்றிருக்கிறார்’ என்பதற்கு ‘சம்ஒன் ஹேஸ் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா’ என்பர். இது புதுமை அன்று; பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே ஒருமைக்கு ‘தே’ வழங்கியதற்குச் சான்று உண்டு. தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ கொள்ளாதவர்க்கும் அச்சொல் இந்நாளில் வழங்குகிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியார் 2019இல் அதனையே அவ்வாண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தனர். தமிழர்க்கு இதில் வியப்புக்கு இடமில்லை. ‘அவர்’ என்னும் நம் சொல்லும் பன்மையாய்ப் பிறந்து, ஒருவர்க்கு உரியதாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாய் நிற்பதுதானே! மலையாளத்தில் அப்படி அன்று. இங்கே மதிப்புக்குரிய ஆடவரைக் குறிக்க ‘அத்தேகம்’ என்னும் வேறு சொல் உண்டு. ‘அவர்’ என்றால் பெரும்பாலும் பலர் என்றோ, மதிப்புக்குரிய ஒரு பெண்மணி என்றோ கொள்வர். எம் தலைமை அலுவலரைப் பற்றி யாம் ‘அவர்’ என்று பேச, ‘எத்தனை பேர்?’ என்று ஒருவர் கேட்டதுண்டு.

இனி முன்னிலை. ஆங்கிலத்தில் ஒருகாலத்தில் ‘தௌ’ என்னும் ஒருமையும், ‘யே’, ‘யூ’ என்னும் பன்மையும் இருந்தன. நம் ‘நீர்’, ‘நீங்கள்’ போலவே அப்பன்மை மதிப்புச் சொல்லாயிற்று. ‘தௌ’ என்பது நெருக்கத்துக்கும் இழிவுக்கும் உரியதாய்த் தாழ்ந்தது. 1603இல் சர் வால்டர் ராலி மீது இராசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக் அவரை ‘தௌ’ என்று விளித்தே அவமதித்தார். அதே நூற்றாண்டில் குவேக்கர் என்னும் சமயக் குழுவினர், கடவுள் முன் அனைவரும் ஒன்றென்று கருதி, நீதிபதியையும் ‘தௌ’ என்றே விளித்து, அதற்காக அடியும் சிறையும் பெற்றனர். பின்னர் ஆங்கிலேயர் அனைவரையும் ‘யூ’ என்று சொல்லத் தொடங்கி, ‘தௌ’வை வழிபாட்டுக்கும் செய்யுளுக்கும் விட்டுவிட்டனர். எல்லோரையும் ‘நீ’ ஆக்கியவர்கள் ஆங்கிலேயர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவர்கள் எல்லோரையும் ‘நீங்கள்’ ஆக்கினார்கள் என்பதே உண்மை.

இந்த ‘யூ’வின் அருமையை யாம் உணர்ந்தது இந்நகருக்கு மாற்றலாகி வந்த முதல் மாதத்தில். மலையாளம் தமிழுக்கு உடன்பிறப்பு. ‘நீங்கள்’ என்பதன் நேர்ச்சொல் ‘நிங்ஙள்’. இவ்வளவே எமக்குத் தெரியும். அலுவலகத்தில் எம்மினும் பத்து ஆண்டு மூத்த ஒருவரிடம் சென்று, கோப்பில் கையொப்பம் இட்டுவிட்டீர்களா என்பதை, ‘நிங்ஙள் ஒப்பிட்டோ?’ என்று மிகுந்த பணிவுடன் கேட்டோம். அவர் எம்மை நிமிர்ந்து பார்த்தார், விடை கூறவில்லை. அன்று முதல் இரண்டு வாரம் கோப்புகள் எல்லாம் ஏவலர் கையில் வந்தனவே அன்றி, அவர் எம்மோடு ஒரு சொல்லும் பேசவில்லை. பிழை யாதென்று தெரியாமல் தவித்தோம். காசர்கோட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர்தாம் ஒருநாள் மெல்லச் சொன்னார்: “வடக்கே எங்கள் ஊரில் நிங்ஙள் என்பது மரியாதைதான், சார். இங்கே பெரியவர்களிடம் அப்படிச் சொல்லலாகாது. ‘சார் ஒப்பிட்டோ’ என்று கேட்க வேண்டும்.”

திருவிதாங்கூர்ப் பக்கத்து வழக்கு அது. ‘நிங்ஙள்’ என்பது சமமானவர்க்கும் கீழானவர்க்கும் உரியதாகவே இங்குப் பலர் செவியில் விழும். மேலானவரை மூவிடப்பெயர் கொண்டே விளிப்பதில்லை. ‘சார்’, ‘சேட்டன்’, ‘சேச்சி’, ‘அம்மாவன்’ என்று முறையோ பதவியோ சொல்லி அழைப்பர். ‘தாங்கள்’ போன்ற ‘தாங்கள்’ அவர்களுக்கும் உண்டு. ஆனால் அது கடிதத்துக்கும் மேடைக்கும் உரியது. இன்னொரு பொறி, ‘தான்’ என்பது. தமிழில் தன்னைக் குறிக்கும் அச்சொல் மலையாளத்தில் எதிரில் இருப்பவரையும் குறிக்கும். தோழமையில் இனிக்கும், கோபத்தில் சுடும். இத்தனைக்கும் நடுவே ‘யூ’ என்னும் ஆங்கிலச் சொல் எவர் மீதும் உராயாமல் சென்றுவிடுகிறது. அந்த மூத்தவரிடம் யாம் பின்னர் ஆங்கிலத்திலேயே மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்து, ஆங்கிலத்திலேயே மன்னித்தார். அதன் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை எம்மிடம் மலையாளம் பேசவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திண்ணையில் அமர்ந்தே பேசும் நட்பில் ஓர் இழப்பு உண்டு என்பதை யாம் அதனினும் கூர்மையாய் உணர்ந்தது ‘வீ’ என்னும் சொல்லினால்.

கரமனைப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் யாம் குடியேறிய ஆண்டு. ஓணத்துக்கு நான்கு நாள் இருந்தது. கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். எம் மலையாளத்தின் மீது இரக்கம் கொண்டு எம்மிடம் ஆங்கிலத்தில் பேசுவார். படிக்கட்டில் எதிர்ப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமை சத்ய, அதாவது ஓண விருந்து, உண்டென்று சொன்னார். ‘வீ ஆர் ஹேவிங் அவர் சத்ய ஆன் சண்டே’ என்பது அவர் வாக்கியம். ‘தட்ஸ் குட்’ என்றோம், இலக்கணம் வழுவாமல். வீட்டுக்கு வந்து இல்லத்தரசியிடம், ‘அவர்கள் ஞாயிறன்று விருந்து வைத்துக்கொள்கிறார்களாம்’ என்று தெரிவித்தோம். ஞாயிறன்று மாடித் தளத்திலிருந்து பேச்சொலியும் நகையொலியும் கேட்டன. பிள்ளைகள் சாளரத்தருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தனர். அழையா வீட்டுக்குள் நுழையாத குடும்பம் ஆகையால், கதவைச் சாத்திவிட்டு எலுமிச்சைச் சோறு உண்டோம். மாலை மூன்று மணிக்கு ஆசிரியரின் துணைவியார் ஒரு தூக்கில் பாயசத்தோடு வந்தார். அவருக்கு ஆங்கிலம் வாராது. “நிங்ஙளுக்கு நாலு இலை போட்டு வைத்திருந்தோம், ஒரு மணி நேரம் காத்திருந்தோம், ஏன் வரவில்லை?” என்னும் பொருள்பட மலையாளத்தில் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எங்களை விருந்துக்கு உரியவராய்க் கருதியவர்களை யாம் இழிவு செய்துவிட்டதாகவே அந்த வீட்டில் எண்ணியிருந்தனர்.

ஆசிரியர் அன்று மலையாளத்தில் பேசியிருந்தால் இது நேர்ந்திராது. ‘நம்முடெ சத்ய’ என்றால் நாம் அனைவரும் கூடி உண்பது. ‘ஞங்ஙளுடெ சத்ய’ என்றால் அவர்கள் வீட்டு விருந்து. தமிழிலும் அப்படியே: ‘நமது’ வேறு, ‘எங்களது’ வேறு. கேட்போரை உள்ளடக்குவதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று நம் இலக்கணத்தார் பெயரிட்டு வைத்திருக்கின்றனர். பழந்தமிழில் ‘யாம்’ கேட்போரை விலக்கியது, ‘நாம்’ சேர்த்தது. ‘நாங்கள்’ பிற்காலத்தில் வந்து ‘யாம்’ இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டபோது, திராவிட மொழிகளின் சிறப்பியல்புகளுள் ஒன்றாக இவ்விரட்டைப் பன்மையை எடுத்துக்காட்டினார். நுட்பமான இவ்வேறுபாடு ஆசிரியரிடமும் இருந்தது, எம்மிடமும் இருந்தது. ஒருவரை ஒருவர் மதிக்க எண்ணி, அது இல்லாத மூன்றாம் மொழியில் பேசினோம். நாலு இலை வீணாயிற்று.

இவ்வுரையைப் பல மாநிலங்களில் இருந்து கேட்கும் அன்பர்கள் தம் தம் ஊர் வழக்கை எண்ணிப் பார்க்கலாம். ஐதராபாத்தில் இருப்போர் கொடுத்துவைத்தவர். தெலுங்கில் ‘மேமு’, ‘மனமு’ என இரண்டும் உண்டு. மும்பையிலும் பூனாவிலும் இருப்போர்க்கும் குறையில்லை. மராத்தியில் ‘ஆம்ஹீ’ விலக்கும், ‘ஆபண்’ சேர்க்கும். அகமதாபாத்தில் ‘அமே’, ‘ஆபணே’. வடபுல மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விரண்டும் இப்பாகுபாட்டைத் திராவிட அண்டை மொழிகளின் உறவால் பெற்றன என்பது மொழியறிஞர் பலர் கருத்து. வியப்பு யாதெனின், திராவிட மொழியாகிய கன்னடத்தின் இன்றைய வழக்கில் ‘நாவு’ ஒன்றே இரண்டுக்கும் நிற்கிறது. இந்தியிலும் ‘ஹம்’ ஒன்றே. உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலும் பீகாரிலும் அதுவே ‘நான்’ என்பதற்கும் வழங்கும். ஆகவே பெங்களூரிலும் தில்லியிலும் இருப்போர், ‘நாம் போகிறோம்’ என்று யாரேனும் சொன்னால், செருப்பை மாட்டிக்கொள்ளுமுன் ஒருமுறை கேட்டுத் தெளிவது நன்று.

ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டுக்கு வழியே இல்லையா? ஒரே ஓர் இடத்தில் உண்டு. ‘லெட்ஸ் கோ’ என்றால் கேட்போரையும் சேர்த்து ‘போவோம் வாருங்கள்’ என்பது மட்டுமே பொருள். ‘லெட் அஸ் கோ’ என்று பிரித்துச் சொன்னால் அப்பொருளும் வரலாம். ‘எங்களைப் போகவிடு’ என்று காவலனிடம் கெஞ்சுவதாகவும் இருக்கலாம். ஒரு மேற்கோட் குறியின் அளவே உள்ள சுருக்கம், ‘நாமை’யும் ‘நாங்களை’யும் பிரித்துவிடுகிறது! மற்ற இடங்களில் துணைச் சொல் வேண்டும். ‘ஆல் ஆஃப் அஸ்’ என்றால் சேர்ப்பது பெரும்பாலும் விளங்கிவிடும். ‘யூ அண்ட் ஐ’ என்று விரித்தால் ஐயமே இல்லை. ‘ஜாயின் அஸ்’ என்பது அன்பான அழைப்புத்தான். ஆனால் அதில் உள்ள ‘அஸ்’ அழைக்கப்படுபவரை வெளியே நிறுத்தித்தான் உள்ளே கூப்பிடுகிறது. நோயாளியிடம் மருத்துவர் ‘ஹௌ ஆர் வீ டுடே?’ என்று கேட்கும் ‘வீ’யோ, சொல்பவரை விலக்கிவிட்டுக் கேட்பவரை மட்டும் குறிக்கிறது. காய்ச்சல் மருத்துவர்க்கு இல்லை அல்லவா?

எம் தொழிலில் இச்சொல் இன்னும் பெரிய பொறுப்பைச் சுமத்துகிறது. இந்நகரின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா ஆலயப் பிரவேச அறிவிப்பை வெளியிட்டார். 1924இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம், அதில் பெரியார் ஏற்ற சிறை, பின்னர்ச் சுசீந்திரத்தில் நடந்த போராட்டம், இவற்றுக்குப் பின் வந்தது அவ்வறிவிப்பு. பிறப்பின் காரணமாகக் கோயிலுக்கு வெளியே நின்றவர்க்கு அரசின் ஆட்சிக்குட்பட்ட கோயில்கள் திறக்கப்பட்டன. நாஞ்சில் நாட்டுத் தமிழரும் அந்நாளில் அம்மன்னரின் குடிகளே.

அவ்வறிவிப்பின் ஆங்கில வடிவத்தைத் தமிழாக்கும் பயிற்சி ஒன்றை யாம் ஒருமுறை மேற்கொண்டோம். மன்னர் தம்மைப் பன்மையில் சொல்லிக்கொள்ளும் மரபின்படி அது ‘வீ’ என்றும் ‘அவர்’ என்றும் பேசுகிறது. அவருடைய குடிகள், அவருடைய அரசு என்னும் இடங்களில் ஐயமில்லை. ‘எம் குடிகள்’, ‘எம் அரசு’ என்று எழுதினோம். ஆனால் அறிவிப்பின் தொடக்கத்தில் சமயத்தைக் குறிக்கும் இடத்திலும் அதே ‘அவர்’ நிற்கிறது. அங்கே எழுதுகோல் நின்றுவிட்டது. ‘எம் சமயம்’ என்று எழுதினால், சமயம் மன்னருடையது. அதன் வாயிலை அவர் பிறர்க்குத் திறந்துவிடுகிறார். ‘நம் சமயம்’ என்று எழுதினால், வெளியே நின்றவர்க்கும் அது முன்னரே உரியது. அவர்தம் உரிமையை மன்னர் ஒப்புக்கொள்கிறார். ஓர் எழுத்து மாறினால் கொடை உரிமை ஆகிறது. ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் இடங்கொடுத்து வாளாவிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவர் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கத் தேவையே இல்லை. தமிழில் எழுதுவோர் தெரிந்தெடுக்காமல் ஓர் அடியும் நகர இயலாது. யாம் ‘நம்’ என்றே எழுதினோம். ‘எம்’ என்பதே அரச வழக்குக்கு ஒத்தது என்று வாதிடுவார் உளர். அவர்கள் வாதத்திலும் வலிமை உண்டு. வெளியே நின்றவர்களின் செவியால் அவ்வறிவிப்பைக் கேட்டுப் பார்த்தபோது எமக்கு ‘நம்’ என்பதே இயல்பாய் ஒலித்தது.

நம் அரசியலமைப்பின் முகப்புரையிலும் இதே கேள்வி எழுகிறது. ‘வீ’ என்னும் சொல்லோடு தொடங்கும் அம்முகப்புரையின் தமிழ் வடிவத்தில் ‘நாம்’ என்றே இருக்கிறது. மலையாளத்திலும் ‘நாம்’ என்றே. ‘நாங்கள்’ என்றிருந்தால், இந்திய மக்கள் வேறு யாருக்கோ எதிரில் நின்று விண்ணப்பம் செய்வதுபோல் ஆகியிருக்கும். படிப்பவரும் அம்மக்களுள் ஒருவர் என்பதை ‘நாம்’ என்னும் சொல்லே காட்டிவிடுகிறது. இச்சிறப்பு ஆங்கில மூலத்தில் இல்லை.

நேயர் பலர் மனத்தில் இருக்கக்கூடிய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘யூ பீப்பிள்’ என்னும் தொடர். பிறமொழி மாநிலத்தில் வாழும் தமிழர் எவரும் அதைக் கேளாமல் இருந்திரார். ‘யூ பீப்பிள் ஆல்வேஸ் ஈட் ரைஸ்’ என்றோ, ‘யூ பீப்பிள் டோன்ட் லைக் ஹிந்தி’ என்றோ தொடங்கும் பேச்சில், நம் தனிப்பெயர் மறைந்து நாம் ஒரு கூட்டம் ஆகிவிடுகிறோம். மேலை நாடுகளில் அத்தொடர் வெளிப்படையான இகழ்ச்சியாகவே கொள்ளப்படும். இங்கே எல்லா நேரமும் அப்படி அன்று என்பது எம் துணிபு. ‘யூ’வுக்குப் பன்மை இல்லாத குறையை அமெரிக்கத் தென்னாட்டார் ‘யால்’ என்றும், அயர்லாந்தார் ‘யூஸ்’ என்றும் சொல்லி நிரப்பிக்கொள்வதுபோல், இந்தியின் ‘தும் லோக்’, ‘ஆப் லோக்’ என்பவற்றை நினைந்து நம் நாட்டார் ‘பீப்பிள்’ சேர்த்துக்கொள்கின்றனர். ‘யூ பீப்பிள் ப்ளீஸ் சிட்’ என்பவர் நாற்காலி காட்டுகிறாரே அன்றி இகழவில்லை. இகழ்ச்சியா அன்றா என்பது அடுத்து வரும் வினைச்சொல்லில் தெரியும். அதுவரை பொறுத்திருத்தல் தகும்.

ஆனால் நாமும் அதே கல்லை எறிகிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘வீ தமிலியன்ஸ்’ என்று மலையாளி நண்பர்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அந்த ‘வீ’ எத்தகையது என்பதில் அவர்களுக்கு ஐயம் எழுவதே இல்லை. எம் பிள்ளைகள் இந்நகரில் வளர்ந்தவர்கள். பள்ளியைப் பற்றிப் பேசும்போது, வீட்டில் தமிழிலேயே, ‘எங்கள் ஓண விழா’ என்கிறார்கள். அந்த ‘எங்களில்’ அவர்களின் மலையாளித் தோழர் அடக்கம். பெற்றோராகிய நாங்கள் அடக்கமில்லை. முதல்முறை கேட்டபோது சுருக்கென்றது. இலக்கணப்படி அவர்கள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

கீழ்வீட்டு ஆசிரியர் அடுத்த ஆண்டு ஓணத்துக்குப் பத்து நாள் முன்னரே மாடி ஏறி வந்தார். இம்முறை அவர் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. ‘ஞாயிறாழ்ச்ச நம்முடெ சத்ய’ என்று, ‘நம்முடெ’ என்பதை நிறுத்தி, அழுத்தி, குழந்தைக்கு எழுத்தறிவிப்பவர்போல் சொன்னார். யாமும் மலையாளத்திலேயே, சார் எத்தனை மணிக்கு இலை போடுவார் என்று கேட்டோம். பதினொன்றரைக்கு என்றார். காய் நறுக்க ஆள் குறைவு, எட்டு மணிக்கே வந்துவிடுங்கள் என்றும் சொன்னார்.